குரோரெகிஷி: ஜப்பானியர் புதைத்து வைக்கும் பழைய 'நான்'

டிசம்பர் கடைசி வாரத்தில் ஜப்பானிய வீடுகளில் ஓசோஜி எனப்படும் பெரிய துப்புரவு நடக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். "உன் பழைய மேசையை ஒழித்துக் கொடு" என்பார் அம்மா. பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய அந்த மரமேசையின் அடி இழுப்பறையில் பி5 அளவு நோட்டு ஒன்று கிடக்கும். முதல் பக்கத்திலேயே, பதின்மூன்று வயதில் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். அடுத்த பக்கத்தில் தன் 'மறைந்த சக்தி'களின் பட்டியல், சக்தி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மூன்றாம் பக்கம் கவிதை. நோட்டைப் படக்கென்று மூடுபவரின் வாயில் முதலில் வரும் சொல், குரோரெகிஷி.

குரோ என்றால் கறுப்பு, ரெகிஷி என்றால் வரலாறு. இணைய மொழிபெயர்ப்பில் போட்டால் 'கறுப்பு வரலாறு' என்றுதான் வரும். அதைப் படிக்கும் வெளிநாட்டவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு என்று எடுத்துக்கொள்வதுண்டு. ஒரு நாடு செய்த போர்க் குற்றங்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. இன்றைய பேச்சில் இது தனி மனிதர் ஒருவர் பிறருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கும், நினைத்தாலே உடம்பு கூசும் தன் பழைய செயலையும் பேச்சையும் எழுத்தையும் குறிக்கிறது. நாட்டின் இருண்ட பக்கங்களைப் பேச ஜப்பானியர் 'ஃபு நோ ரெகிஷி', அதாவது எதிர்மறை வரலாறு என்ற வேறு தொடரை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் குழப்பி, போரையோ படுகொலையையோ ஒருவர் குரோரெகிஷி என்று எழுதினால், பெரிய துயரத்தைச் சில்லறையாக்கிவிட்டார் என்ற கண்டனம் வரும்.

இந்தச் சொல்லுக்குப் பிறந்த இடம் தெரியும். கொச்சைச் சொற்களில் அது அரிது. 1999 ஏப்ரல் முதல் 2000 ஏப்ரல் வரை ஃபுஜி தொலைக்காட்சியில் 50 பகுதிகளாக ஓடிய 'டர்ன் ஏ கன்டம்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடரிலிருந்து வந்தது. ராட்சத இயந்திரப் போர்வீரர்களின் கதையான கன்டம் 1979-இல் தொடங்கியது. அதை உருவாக்கிய யோஷியூகி டோமினோவே இருபதாம் ஆண்டையொட்டி இயக்கிய தொடர் இது. கதை நடப்பது மிகத் தொலைவான எதிர்காலத்தில். பூமியில் மக்கள் நீராவி வண்டிக் காலத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். நிலவில் குடியேறிய இனம் மட்டும் பழைய தொழில்நுட்பத்தைக் காத்து வைத்திருக்கிறது. இடையில் மனித குலம் விண்வெளிப் போர்களில் தன்னைத் தானே அழித்துக்கொண்ட ஒரு நெடிய காலம் இருந்தது. அதன் முடிவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணியந்திரங்கள் வண்ணத்துப்பூச்சி இறகுபோல் விரிந்து நகரங்களை மணலாக்கின. பூமியில் யாருக்கும் நினைவில்லாத அந்தக் காலத்தின் பெயர்தான் குரோரெகிஷி. பதிவுகள் நிலவிலுள்ள 'குளிர்கால அரண்மனை'யில் பூட்டிக் கிடக்கின்றன. 43-ஆவது பகுதியில் அவை எல்லார் கண் முன்னும் திரையில் ஓடுகின்றன. அப்போது தெரிகிறது, அந்தக் கறுப்பு வரலாறு வேறு எதுவுமில்லை, அதற்கு முன்பு வந்த கன்டம் தொடர்கள்தான் என்று.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1994-இலிருந்து மூன்று ஆண்டுகள் வேறு இயக்குநர்கள் தனித்தனிக் கற்பனை உலகங்களில் கன்டம் தொடர்களை எடுத்திருந்தார்கள். எது உண்மையான கன்டம் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். டோமினோ அத்தனையையும், தான் எடுக்காதவற்றையும் சேர்த்து, ஒரே வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். தலைப்பிலுள்ள தலைகீழ் ஏ எழுத்து கணிதத் தர்க்கத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்று பொருள்படும் குறி. ஆக, குரோரெகிஷி என்ற சொல் உருவானதே எதையும் தள்ளாமல் சேர்த்துக்கொள்வதற்காக. கதைக்குள்ளும் அப்படித்தான். அந்தப் பதிவுகளைப் பூட்டி வைக்க நினைப்பவர் எதிர் தரப்பில் நிற்கிறார். பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள்.

ரசிகர்களிடம் போனதும் பொருள் தலைகீழானது. 'பூட்டி வைக்கப்பட்ட வரலாறு' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தயாரித்த நிறுவனமே பிறகு வாய் திறந்து பேசாத படம், தொகுப்புகளில் சேர்க்காமல் விட்ட பகுதி, இரண்டே மாதத்தில் கைவிட்ட விளையாட்டு, இவையெல்லாம் 2000-களின் தொடக்கத்தில் இணையக் கருத்துக்களங்களில் குரோரெகிஷி ஆயின. 'நடக்காத மாதிரி வைத்துக்கொள்வோம்' என்பது அப்போதைய பொருள். படைப்பிலிருந்து படைத்தவருக்கு அது தாவ அதிக நாள் ஆகவில்லை. புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் முதல் விளம்பரம், பாடகி ஒருவரின் முந்தைய மேடைப்பெயர் என்று போய், கடைசியில் சாதாரண மனிதர் தன் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக இறங்கியது. இன்று இதைச் சொல்லும் பலருக்கு அது ஒரு அனிமேயிலிருந்து வந்தது என்பதே தெரியாது.

அந்த நோட்டில் இருப்பது என்ன வகை எழுத்து என்பதற்கு இன்னொரு சொல் உண்டு: ச்சூனிப்யோ. ச்சூனி என்பது நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு, ப்யோ என்பது நோய். ஜப்பானில் ஆறு ஆண்டு தொடக்கப் பள்ளி, பிறகு மூன்று ஆண்டு நடுநிலைப் பள்ளி என்பதால் அது நம் எட்டாம் வகுப்பு, பதின்மூன்று பதினான்கு வயது. இதுவும் 1999-இல் பிறந்ததுதான். நகைச்சுவையாளர் இஜூயின் ஹிகாரு, டிபிஎஸ் வானொலியில் நடத்திய நள்ளிரவு நிகழ்ச்சியில் நேயர்களிடம் 'எட்டாம் வகுப்பில் எல்லாரும் செய்வது' என்று நோய்க்குறிகளை எழுதி அனுப்பச் சொன்னார். சுவையே பிடிக்காமல் பால் சேர்க்காத காப்பியைக் குடிக்க ஆரம்பிப்பது. திடீரென்று மேல்நாட்டு இசை மட்டும் கேட்பது. ஒரு இசைக்குழு புகழ் பெற்றதும் 'எனக்கு இவர்களை அப்போதே தெரியும்' என்று சண்டைக்கு வருவது. அறைக்குள் நுழைந்த அம்மாவிடம் 'என் பிரைவசிக்கு மதிப்புக் கொடு' என்று கத்துவது. முயற்சி செய்தால் தன்னால் எதுவும் முடியும், முயற்சிதான் செய்யவில்லை என்று நம்புவது. எல்லாம் சின்னச் சின்ன, யாருக்கும் தீங்கில்லாத அலட்டல்கள்.

இந்தச் சொல்லும் இணையத்துக்கு வந்ததும் உருமாறியது. 2000-களில் ஜப்பானிய இணையத்தின் பெருஞ்சந்தையாக இருந்த 2 சேனல் கருத்துக்களத்தில், தன் கையில் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, உள்ளே ஏதோ சக்தி துடிப்பதாகப் பள்ளியில் நடித்ததை ஒருவர் எழுதினார். அவர் வைத்திருந்த பெயர் 'ஜாகிகன்', தீயசக்திக் கண். அந்தப் பதிவு நகலுக்கு மேல் நகலாகப் பரவ, ச்சூனிப்யோ என்றாலே கண்ணில் மறைப்பும் கையில் கட்டும் இருண்ட சக்தியும் என்ற படம் நிலைத்தது. காப்பிக் கோப்பை பின்னுக்குப் போய்விட்டது. அந்தக் கோப்பை அதிக உண்மையானது என்பது எங்கள் எண்ணம், ஏனென்றால் கட்டுத் துணி சுற்றியவர்கள் சிலர், கசப்பைச் சகித்துக் குடித்தவர்கள் கணக்கில்லாதவர்கள். 2 சேனலில் இதை எழுதும் விதமும் மாறியது. நடுநிலைப் பள்ளிப் பொடியனைக் கேலியாகச் சொல்லும் 'ச்சூபோ' என்ற ஒலிக்கு, அதே ஒலியுள்ள சமையற்கட்டு என்ற சொல்லின் எழுத்துகளைப் போட்டார்கள். அதனால் ச்சூனிப்யோவின் முதல் எழுத்தும் சில இடங்களில் 'சமையலறை' எழுத்தாகவே எழுதப்படுகிறது. அகராதியை வைத்துப் பிரித்துப் பார்ப்பவருக்கு இது புரியவே புரியாது.

பிறகு இந்த நோய் வகுப்பு மாறியது. கோனிப்யோ, அதாவது மேல்நிலை இரண்டாம் ஆண்டு நோய் என்றால், முன்பு தான் செய்ததை இப்போது செய்பவர்களைக் கண்டு ஓயாமல் எரிச்சல்படுவது. கல்லூரி இரண்டாம் ஆண்டுக்கும் ஒன்று உண்டு: தூங்கவில்லை, வேலை அதிகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

இனி அந்த நோட்டையே திறந்து பார்க்கலாம். ஜப்பானிய எழுத்துமுறை இதற்கென்றே வசதி செய்து கொடுத்ததுபோல் இருக்கிறது. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளுக்கு மேலே அவற்றின் உச்சரிப்பைச் சிறிய எழுத்தில் போடும் ஃபுரிகானா என்ற வழக்கம் உண்டு. குழந்தைகள் கடினமான எழுத்தைப் படிக்க ஏற்பட்டது அது. எட்டாம் வகுப்பு மாணவர் என்ன செய்கிறார்? 'கறுப்பு', 'வாள்' என்ற இரண்டு கான்ஜிகளை எழுதுகிறார். மேலே ஜப்பானிய உச்சரிப்பைப் போடாமல் 'ஷுவாருட்சு' என்று கறுப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லைப் போடுகிறார். கண் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். ஆங்கிலம் பள்ளிப் பாடம் ஆகிவிட்டதால் அதில் மர்மம் இல்லை. ஜெர்மன் கரகரப்பாக ஒலிக்கிறது, யாருக்கும் தெரியாது, அதனால் அதுதான். எழுத்தின் கோடுகள் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கம்பீரம் என்பதும் எழுதாத விதி. அகராதியைப் பார்த்துப் பார்த்து வரைந்த பதினெட்டுக் கோட்டு எழுத்தில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கும். பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவரைக் கூசவைப்பது சக்தியின் பெயர் கூட இல்லை, அந்த விட்டுப்போன கோடுதான். அவ்வளவு அக்கறையாக எழுதிய கை தன்னுடையது என்பதை அது மறுக்க முடியாமல் காட்டிக்கொடுக்கிறது.

நோட்டு எழுதாதவர்களும் தப்பவில்லை. ஜப்பானியப் பள்ளிகள் படிப்பு முடியும்போது சோட்சுக்யோ புன்ஷூ என்ற மாணவர் கட்டுரைத் தொகுப்பை அச்சிட்டு வகுப்பில் எல்லாருக்கும் கொடுக்கும். 'என் கனவு' என்ற கட்டுரை அதில் அநேகமாக இருக்கும். ஒருவர் தன் பிரதியை எரித்தாலும் மற்ற முப்பத்தைந்து வீடுகளில் அது இருக்கும். பிரபலங்களின் தொகுப்பைத் தேடி எடுத்து, அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டுவது தொலைக்காட்சிகளுக்கு நிலையான சரக்கு. தொடக்கப் பள்ளியில் 'இருபது வயதான எனக்கு' என்று கடிதம் எழுதவைத்துப் பெட்டியில் போட்டுப் புதைக்கும் வழக்கமும் உண்டு. 2022 ஏப்ரலில் சட்டப்படி வயதுவரும் வயது பதினெட்டாகக் குறைந்த பின்பும் பெரும்பாலான ஊர்களில் வயதுவந்தோர் விழா இருபதில்தான் நடக்கிறது. அதையொட்டிப் பழைய வகுப்புத் தோழர்கள் கூடும் நாளில் பெட்டியைத் தோண்டி எடுப்பார்கள்.

அடுத்த தலைமுறையின் நோட்டு இணையத்தில் இருந்தது. கைப்பேசியில் கேள்விகளுக்குப் பதில் நிரப்பித் தன்னைப் பற்றிய பக்கம் ஒன்றை உருவாக்கும் 'ஜென்ரியாக்கு ப்ரோஃபீரு' என்ற சேவை 2000-களில் பள்ளி மாணவர்களிடையே தீயாய்ப் பரவியிருந்தது. 'உனக்குப் பிடித்த ஒரு வார்த்தை?' என்ற கேள்விக்குப் பதினான்கு வயதில் எழுதிய பதில்களை எண்ணிப் பாருங்கள். 2004-இல் வந்த மிக்சி என்ற சமூக வலைத்தளத்தில் நாட்குறிப்பும் நள்ளிரவுக் கவிதையும் குவிந்தன. ஜென்ரியாக்கு ப்ரோஃபீரு 2016 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. தனிமனிதர் வலைமனைகளின் பெரிய குடியிருப்பான யாகூ ஜப்பானின் ஜியோசிட்டீஸ் 2019 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. இரண்டு முறையும் ஒரே பதிவில் நிம்மதியும் வருத்தமும் சேர்ந்து வந்தன: குரோரெகிஷி அழிகிறது, அப்பாடா என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே, அழிவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

பேச்சில் இதைப் பயன்படுத்தும்போது சில நுணுக்கங்கள் உண்டு. இது பெயர்ச்சொல். 'அது என் குரோரெகிஷி' என்று தன் விஷயத்தைத் தானே சொல்வதுதான் இயல்பு. சொன்னவுடன் எதிரே இருப்பவர் சிரிக்கவும் அனுமதி கிடைக்கிறது, மேலே கேட்காதே என்ற வேலியும் விழுகிறது. அடுத்தவர் கடந்த காலத்தைப் பார்த்து 'அது உன் குரோரெகிஷி' என்றால் பொருளே மாறிவிடும். அவர் வெட்கப்படாத ஒன்றை வெட்கப்பட வேண்டியது என்று தீர்ப்புச் சொன்னதாகும். முன்னாள் காதலரைக் குரோரெகிஷி என்பதும் காதில் விழுகிறது. மனிதரையே அழிக்க வேண்டிய பக்கம் ஆக்கும் அந்தப் பேச்சு பலருக்கு முகம் சுளிக்கவைக்கும். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சொல்லும் சொல்லும் இல்லை இது. அங்கே 'வகாகே நோ இதாரி' என்பார்கள். நம் 'வயசுக் கோளாறு'க்கு மிக அருகில் வரும் தொடர், தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் உண்டு. குரோரெகிஷியில் மன்னிப்பு இல்லை, ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை. ஒருவரை அடித்ததையோ அவமானப்படுத்தியதையோ இந்தச் சொல்லில் போட்டு மூடினால் ஜப்பானியக் காதுக்கு அது தப்பித்தலாகவே ஒலிக்கும். குறை சொல்லும் பக்கமிருந்து வரும் சொல் 'இதாய்'. வலிக்கிறது என்பதே நேர்ப் பொருள். பார்க்கும் எனக்கே வலிக்கிற அளவுக்கு உன் நடத்தை இருக்கிறது என்பது குறிப்பு. இதாய் என்பது நடக்கும்போது மற்றவர் சொல்வது. குரோரெகிஷி என்பது பின்னால் தான் உணர்ந்து சொல்வது.

ஏன் இவ்வளவு கூசுகிறது என்பதற்கு உளவியலில் நல்ல விளக்கங்கள் உண்டு. 1967-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட், விடலைப் பருவத்தினர் எப்போதும் ஒரு கற்பனைப் பார்வையாளர் கூட்டத்தின் முன் வாழ்கிறார்கள் என்றும், தன் அனுபவம் உலகில் யாருக்கும் நேராத ஒன்று என்று நம்புகிறார்கள் என்றும் எழுதினார். கட்டுத் துணிக்கும் கறுப்புக் காப்பிக்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. அந்தக் கூட்டம் உண்மையில் எவ்வளவு பெரியது? 2000-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும், பாடகர் பேரி மேனிலோவின் படம் போட்ட, மாணவர்கள் அணிய வெட்கப்படும் டி-சட்டையை மாட்டி ஒருவரை அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அன்று பார்த்தவர்களே அவ்வளவுதான் என்றால், பதினைந்து ஆண்டு கழித்து நினைவில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஆனால் வெட்கப்படுபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவருடைய நினைவில் அவரையே வெளியிலிருந்து பார்க்கும் காட்சிதான் ஓடுகிறது, பார்வையாளர் இடத்தில் இப்போது அவரே உட்கார்ந்திருக்கிறார்.

மறக்க முயல்வதும் பலிப்பதில்லை. 1987-இல் டேனியல் வெக்னர், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிச் செய்த சோதனை புகழ்பெற்றது. அடக்கியவர்களுக்குப் பிறகு அது இன்னும் அடிக்கடி வந்தது. இரவில் படுத்ததும் பழைய நினைவு வந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக் கால்களை உதைத்துக்கொள்ளும் காட்சி ஜப்பானியப் பேச்சிலும் சித்திரக்கதையிலும் திரும்பத் திரும்ப வரும். கொரியாவில் இதற்கென்றே 'இபுல் கிக்', போர்வை உதை என்ற சொல் இருக்கிறது. குரோரெகிஷியும் ச்சூனிப்யோவும் கொரியாவுக்கும் சீனாவுக்கும் மொழிபெயர்ப்பில்லாமலே போய்ச் சேர்ந்தன. எழுத்துகள் பொது என்பதால் சீனர்கள் அதே எழுத்துகளை 'ஹெய் லிஷி' என்று படித்துவிட்டார்கள். கொரியரும் தங்கள் உச்சரிப்பில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நோட்டை என்ன செய்வது என்பது ஜப்பானில் நடைமுறைச் சிக்கலும்கூட. அப்படியே குப்பையில் போட முடியாது, ஏனென்றால் ஊர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது தெரியும் பைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய தாள்களோடு கட்டி வைத்தால் எடுக்க வரும்வரை தெருவோரத்தில் இருக்கும், மேலட்டையில் பெயரும் இருக்கும். கொல்லையில் கொளுத்தலாம் என்றால் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குப் பொதுவாகத் தடை. மிஞ்சுவது தாள் நறுக்கும் இயந்திரம். வீட்டு இயந்திரங்கள் ஒரு வேளைக்கு ஐந்தாறு தாள்தான் வாங்கும். முப்பது தாள் நோட்டை முதுகோடு சேர்த்துத் திணித்தால் பசை பற்களில் ஒட்டி நின்றுவிடும். கத்தியால் முதுகை ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, ஐந்தைந்து தாளாக ஆறு தடவை விட வேண்டும். சுருள்கம்பி நோட்டானால் கம்பியை உருவித் தனியே வைக்க வேண்டும். நறுக்கிய தாளை மறுசுழற்சிக்கு எடுக்காத நகராட்சிகள் பல, எரிக்கும் குப்பையோடு சேர்க்கச் சொல்வார்கள். பொருளைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் கோயிலில் வழிபாட்டோடு எரித்துத் தரும் ஓடகியாகே சடங்கை நாடுகிறார்கள். பொம்மை, கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்கும் இடங்கள் உண்டு.

இணையப் பக்கம் இதைவிடக் கடினம். பழைய கணக்கில் நுழையக் கடவுச்சொல் மறந்திருக்கும். புதியது கேட்டால் அன்றைய கைப்பேசி நிறுவனம் கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்புவார்கள். நிறுவனம் மாறியபோதே அந்த முகவரி செத்துவிட்டது. தன் பக்கத்தைத் தன்னால் பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை. சேவை மூடப்பட்ட பிறகும் வலைக் காப்பகங்களில் நகல் இருக்கலாம், அதை நீக்கக் கேட்டால் பக்கம் தன்னுடையது என்று காட்ட வேண்டியிருக்கும். மறைக்க நினைக்கும் பெயரையே சான்றாகக் கொடுக்கும் நிலை அது.

நறுக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களில் பலர் முதல் ஐந்து தாளுக்குப் பிறகு நிறுத்திவிடுகிறார்கள். ஆறாம் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்திருப்பார்கள்.